பழகட்டும் என்பவர்களுக்கு

ஆட்டிசம் பற்றி நம்மிடையே ஒரு கருத்து யாரும் கேள்வி கேட்காமல் நிலைத்துவிட்டது. ஆட்டிசம் உள்ள ஒருவருக்குப் பல் துலக்குவது, புதுச் சட்டை போடுவது, பேருந்தில் ஏறுவது, வரும் அழைப்பை எடுத்துப் பேசுவது போன்றவை கடினமாக இருந்தால், அதற்கு வழி சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள், தெரபிஸ்டுகள், சிறப்புக் கல்வியாளர்கள். அவர்கள் எட்டாத இடத்தில் இருந்தால் பெற்றோர்கள். ஆட்டிசம் உள்ளவர்களே இணையத்தின் வழியாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் யோசனைகள் மனசுக்கு ஆறுதலாக இருக்கலாம், அவற்றை நம்பி எதையும் செய்துவிடக் கூடாது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணம் உள்ளவர்கள். பெற்றோர் கூட்டங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் மிகுந்த அக்கறையோடுதான் சொல்கிறார்கள்.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். மருந்து, வலிப்பு, தூக்கக் கோளாறு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் நிலை போன்றவற்றில் மருத்துவரின் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. அதில் எனக்கு வழக்கு இல்லை. காலை எழுந்தது முதல் இரவு படுப்பது வரை ஒரு நாளைக் கடப்பது எப்படி என்ற கேள்வியில், அந்த நாளை அதே உடம்போடு கடந்து பார்த்தவர்களின் சொல்லுக்குத்தான் முதல் மதிப்பு. இப்போது அது கடைசி வரிசையில் கிடக்கிறது. அப்படிக் கிடப்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஒன்றுகூட நிற்கவில்லை.

முதல் காரணம், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மனம் என்பதைப் பற்றிய அறிவே குறைவு என்பது. பிறர் மனமும் புரியாது, தன் மனமும் சரியாகப் புரியாது, ஆகவே அவர்கள் தரும் வாக்குமூலம் நம்பத் தகுந்ததன்று என்று இது நீளும். இதன் வேர் 1985இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் ஆகிய மூவரும் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில் இருக்கிறது. சாலி என்ற பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் மாற்றி வைக்கிறாள். திரும்பி வரும் சாலி குண்டை எங்கே தேடுவாள் என்று குழந்தைகளிடம் கேட்டார்கள். ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர், குண்டு உண்மையில் இருக்கும் பெட்டியைக் காட்டினார்கள். சாலிக்கு அது தெரியாதே என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை என்பது முடிவு.

இருபது குழந்தைகளிடம் ஒரு பொம்மையை வைத்துக் கேட்ட கேள்வி அது. அதை எடுத்துக்கொண்டு போய், முப்பது வயதுப் பெண் ஒருத்தி தன் சுடிதாரின் கழுத்து லேபிள் ஊசிபோலக் குத்துகிறது என்று சொல்லும்போது, உனக்கு உன்னைப் பற்றியே தெரியாது என்று வாயடைப்பது எந்த அறிவியல்? அடுத்தவர் எதை நம்புகிறார் என்று ஊகிப்பது வேறு. தன் கழுத்தில் என்ன நடக்கிறது என்று உணர்வது வேறு. அந்த 20 பேரிலும் நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள் என்பதையும் இந்த வாதம் வசதியாக மறந்துவிடுகிறது.

புரியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை என்பதை 2012இல் டேமியன் மில்டன் எழுதினார். அவர் சமூகவியலாளர், தாமே ஆட்டிசம் உள்ளவர். இரண்டு விதமாக உலகை உணர்பவர்கள் சந்திக்கும்போது இருவருக்குமே மற்றவர் புரிவதில்லை, அந்தப் பழியை ஒருவர் தலையில் மட்டும் கட்டுகிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். கேத்தரின் க்ராம்ப்டனும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அவருடன் பணிபுரிந்தவர்களும் இதைச் சோதித்தார்கள். 72 பேரை எட்டெட்டுப் பேராகப் பிரித்து, ஒரு கதையை முதலாமவர் இரண்டாமவருக்கு, அவர் மூன்றாமவருக்கு என்று கடைசிவரை சொல்லவைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை எவ்வளவு தேறியதோ, ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசையிலும் அவ்வளவே தேறியது. இருவரும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் தேய்ந்தது. இது 2020இல் வெளிவந்தது. பிறகு 2025இல் இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது கலந்த வரிசையின் அந்தத் தேய்வு தென்படவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரண்டு ஆய்விலும் அசையாமல் நின்றது ஒன்று. ஆட்டிசம் உள்ள ஒருவர் ஆட்டிசம் உள்ள இன்னொருவருக்கு ஒரு செய்தியைப் புரியும்படி சொல்வதில் மற்ற எவருக்கும் இளைத்தவர் இல்லை. ஒருவருக்கொருவர் யோசனை சொல்லத் தகுதியில்லாதவர்கள் என்ற பேச்சு அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

அவர்கள் சொன்னது அறிவா ஆறுதலா என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு. அறிவியல் எதை எப்போது ஏற்றுக்கொண்டது என்ற தேதிகளை எடுத்துப் பார்க்கலாம். 1943இல் லியோ கேனர் ஆட்டிசத்தைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதியபோதே, தாம் பார்த்த 11 குழந்தைகளில் சிலர் உரத்த சத்தங்களுக்கும் இயந்திரங்களுக்கும் மிரண்டதைக் குறித்திருக்கிறார். குறித்ததோடு சரி. அடுத்த பல ஆண்டுகள் உளவியல் உலகம், ஆட்டிசத்துக்குக் காரணம் தாய்மார்களின் பாசத்தில் பஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதையே ஒரு பெரிய புத்தகமாக எழுதிப் புகழ் பெற்றார். எத்தனையோ அம்மாக்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். ஆட்டிசம் உள்ள டெம்பிள் கிராண்டின் 1986இல் தன் வரலாற்றை எழுதினார். டானா வில்லியம்ஸ் 1992இல் எழுதினார். ஒலி வலிக்கும், தொடுதல் சுடும், வெளிச்சம் கண்ணைக் கிழிக்கும் என்பதை உள்ளிருந்து சொன்ன குரல்கள் அவை. அதன் பிறகு ஆட்டிசம் உள்ளவர்கள் கடிதத்திலும் கூட்டத்திலும் இணையத்திலும் தங்களுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டது இதைத்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேடு, புலன்களின் மிகையுணர்வையும் குறையுணர்வையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக வெளிப்படையாகச் சேர்த்தது 2013இல். கிராண்டினின் புத்தகத்திலிருந்து எண்ணினால் 27 ஆண்டுகள்.

ஒரு தலைமுறைக் குழந்தைகள் அந்த 27 ஆண்டுகளில் வளர்ந்தார்கள். சத்தத்துக்குக் காதைப் பொத்தியதற்காக அடி வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

இதே கதை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. வருஷக்கணக்காக இயல்பானவர்போல் நடித்து நடித்து ஒரு கட்டத்தில் பேச்சு, சமையல், குளியல் போன்ற கைவந்த வேலைகள்கூடக் கைநழுவிப்போகும் சோர்வு ஒன்று உண்டு. அதற்கு ஆட்டிசம் உள்ளவர்களே பர்ன்அவுட் என்று பெயர் வைத்து, அதிலிருந்து மீளும் வழிகளையும் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். மருத்துவர்கள் அதை மனச்சோர்வு என்று எழுதி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோர்வை முறையாக வரையறுக்க முயன்ற முன்னோடி ஆய்வு, டோரா ரேமேக்கரும் அவர் குழுவினரும் செய்தது, 2020இல்தான் வந்தது. ரேமேக்கரும் ஆட்டிசம் உள்ளவரே. எதிராளியின் கண்ணைப் பார்ப்பது சிலருக்கு ஏன் சகிக்க முடியாததாக இருக்கிறது என்று 2017இல் ஒரு ஆய்வு வந்தது. ஆய்வாளர்கள் அதற்குப் போன இடம், ஆட்டிசம் உள்ளவர்கள் இணையத்தில் தாங்களாக எழுதிவைத்திருந்த அனுபவங்கள். எதை நம்பாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்கிறார்களோ, அதைத்தான் ஆய்வாளர்கள் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்று மனசார நினைத்தும் எழுந்திருக்க முடியாமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் நிலை இன்னொன்று. நம் வீடுகளில் அதற்கு ஒரே பெயர்தான், சோம்பேறித்தனம். வளர்ந்த பிள்ளையை அப்பா திட்டுகிறார், பிள்ளை மேலும் உறைந்து போகிறான். இதில் ஆட்டிசம் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் சொல்வது மிக எளிமையானது. குளிக்கப் போ என்று சொல்லாதே, துண்டை எடு என்று மட்டும் சொல். யாராவது பக்கத்தில் சும்மா உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், கை தானாக நகரும். இந்த நிலையைப் பற்றிய முறையான ஆய்வும் 2021இல் வந்தது. உறைந்து நிற்பவரை வெளியிலிருந்து ஒருவரின் சிறு உதவி எவ்வளவு நகர்த்துகிறது என்பதை அதில் பங்கெடுத்தவர்களும் சொன்னார்கள்.

பசியும் அப்படித்தான். வயிறு அனுப்பும் சேதி மூளைக்குத் தெளிவாக வராதவர்கள் இவர்களில் பலர். "பசிக்குதாடா?" என்று அம்மா கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அது பொய்யும் இல்லை. சாயங்காலம் காரணம் தெரியாமல் வீடே அதிரும்படி ஒரு வெடிப்பு வரும். பசியைக் கேட்காதே, மணியைப் பார்த்துத் தட்டை வை, தனியாக இருந்தால் அலாரம் வை, தினமும் ஒரே சாப்பாடாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற யோசனை எந்த மருந்துச் சீட்டிலும் வராது. பல் துலக்க மறுக்கும் பிள்ளைக்குப் பற்பசையின் புதினா எரிகிறது, காரமில்லாத, மணமில்லாத பசையைக் கொடுத்துப் பார் என்பதும் அப்படியே. சின்ன விஷயங்கள் என்று தோன்றும். ஒரு வீட்டில் தினமும் காலையில் நடக்கும் அரை மணி நேரப் போர் இதனால் நின்றால், அந்தத் தாய்க்கு இதைவிடப் பெரிய விஷயம் எது?

இப்போது எனக்கு மிகவும் கோபம் தரும் வாதத்துக்கு வருகிறேன். பழகட்டும் என்ற வாதம். இணையத்தில் ஆட்டிசம் உள்ளவர்கள் சொல்லிக்கொள்ளும் யோசனைகள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ளவும் தப்பித்துக்கொள்ளவும் கற்றுத்தருகின்றன, பிள்ளையை முன்னேறவிடாமல் முடக்கிவிடும் என்பார்கள். நிபுணர்களைவிட உறவினர்கள் இதை அதிகம் சொல்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் காதுக்குக் கவசம் மாட்டிய பிள்ளையைப் பார்த்ததும் யாராவது ஒரு பெரியப்பா வருவார். "ஏம்மா, இதப் போய் மாட்டிவிட்டுருக்க? நாலு பேரு பாக்குறாங்கல்ல. சத்தத்துல இருந்தாத்தாம்மா பழகும்." அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெம்பிருக்காது. கவசத்தைக் கழற்றுவாள். கெட்டிமேளம் கொட்டும்போது பிள்ளை தரையில் விழுந்து கத்தும். அதற்கும் அதே பெரியப்பா, வளர்ப்பு சரியில்லை என்பார்.

பழகும் என்பது உண்மையா? நம்மில் பெரும்பாலோருக்கு உண்மை. ரயில் நிலையத்தின் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனவர்களுக்குச் சில வாரங்களில் ரயில் சத்தம் காதில் விழாமல் போய்விடும். திரும்பத் திரும்ப வரும் தூண்டலுக்கு மூளை தன் பதிலைக் குறைத்துக்கொள்வதால் அப்படி நடக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஷூலமைட் கிரீனும் குழுவினரும் 2015இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வு இதைத்தான் பார்த்தது. உரசும் துணியையும் இரைச்சலையும் சேர்த்துக் கொடுத்தபோது, ஆட்டிசத்தோடு புலன் மிகையுணர்வும் கொண்ட இளையோரின் மூளையில், அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்னும் பகுதி, மற்றவர்களுக்குத் தணிந்ததுபோல் தணியவில்லை. திரும்பத் திரும்பக் கொடுத்தபோதும் அப்படித்தான். அவர்களைச் சத்தத்துக்குள் உட்காரவைத்தால் பழக்கம் வருவதில்லை. சத்தத்தோடு சேர்ந்து அந்த இடத்தின் மீதும், அங்கே பிடித்து உட்காரவைத்த மனிதர்கள் மீதும் பயம் வருகிறது.

வெளியே பார்த்தால் பழகிவிட்டதுபோலத் தெரியும் பிள்ளைகள் உண்டு. கத்துவதை நிறுத்திவிடுவார்கள். கையை ஆட்டுவதை நிறுத்திவிடுவார்கள். நெற்றியைப் பார்த்து, கண்ணைப் பார்ப்பதுபோல் நடிக்கக் கற்றுக்கொள்வார்கள். இதைத்தான் வெற்றி என்று கொண்டாடும் ஒரு பெரிய பயிற்சி மரபு இருக்கிறது. இவார் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு அதன் ஆதார நூல்போல் இன்றும் பேசப்படுகிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் ஒன்பது பேர் மற்றக் குழந்தைகளைப்போலவே ஆகிவிட்டார்கள் என்பது அதன் அறிவிப்பு. அந்தப் பயிற்சியில் உரத்த அதட்டலும், தொடையில் அடியும் இருந்தன. இன்றைய பயிற்சியாளர்களில் பலர் அடியை விட்டுவிட்டார்கள், நல்லது. ஆனால் யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி மற்றவர்போல் தெரியவேண்டும் என்ற இலக்கைப் பலர் விடவில்லை. அந்த இலக்கின் விலையைப் பிறகு வளர்ந்தவர்களிடம் கேட்டார்கள். சாரா காசிடியும் குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள வளர்ந்தவர்களிடையே தற்கொலை எண்ணத்தோடு தொடர்புள்ளவையாகத் தெரிந்தவற்றில் இரண்டு: தன் இயல்பை மறைத்து நடித்தல், தேவையான உதவி கிடைக்காமை. பழகட்டும் என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பரிந்துரைக்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் சொல்லும் யோசனை ஒதுங்கச் சொல்கிறதா என்று பாருங்கள். விசேஷ வீடுகளையே எடுத்துக்கொள்ளலாம். போகாதே என்று அவர்கள் சொல்வதில்லை. மண்டபத்தின் படத்தை முன்பே பார்த்துக்கொள். வாசல் தெரியும் ஓரத்து நாற்காலியில் உட்கார். மேளத்துக்குப் பக்கத்திலும் ஸ்பீக்கருக்கு முன்னாலும் உட்காராதே. முகூர்த்தத்துக்கு மட்டும் போவதா, வரவேற்புக்கு மட்டும் போவதா என்று முன்கூட்டியே முடிவு செய், இரண்டுக்கும் போகாதே. புதுத் துணியை இரண்டு முறை துவைத்து, கஞ்சி போகச் செய்து, பிறகு உடுத்து. முதல் பந்தியின் நெரிசலை விட்டுக் கடைசிப் பந்தியில் சாப்பிடு. தாங்க முடியாமல் போவதற்கு முன்பே, இன்னும் நன்றாக இருக்கும்போதே கிளம்பிவிடு. மறுநாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதே. இதில் ஒதுங்கல் எங்கே இருக்கிறது? வருஷக்கணக்காக எந்த விசேஷத்துக்கும் அழைத்துப்போகப்படாமல் வீட்டில் பூட்டி வைக்கப்பட்ட எத்தனையோ பேரைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போகும் யோசனை இது. சுருக்கமாகச் சொல்ல வேண்டுமானால், தாங்களாகப் போய்த் தாங்களாகத் திரும்பும் வழி.

இத்தகைய வழிகள் தனிமனிதத் தந்திரங்களோடு நிற்கவில்லை. 1992இல் அமெரிக்காவில் ஜிம் சின்க்ளேர், டானா வில்லியம்ஸ் உள்ளிட்டோர் தொடங்கிய ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, ஆட்டிசம் உள்ளவர்களே நடத்திய அமைப்பு. 1996 முதல் அவர்கள் ஆட்ரீட் என்ற பெயரில் ஆண்டுக் கூடுகை நடத்தினார்கள். அந்த வட்டத்தில் உருவானதுதான் நிற அட்டை முறை. சட்டையில் பச்சை அட்டை இருந்தால் பேசலாம், தானாகப் பேச்சைத் தொடங்கத் தெரியாதவர், நீங்கள் வந்து பேசினால் மகிழ்வார். மஞ்சள் இருந்தால் தெரிந்தவர்கள் மட்டும். சிவப்பு இருந்தால் இப்போது யாரும் வேண்டாம். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு கூட்டத்தில் தன் நிலையைச் சொல்லிவிடலாம். பின்னாளில் ஆட்டிசம் தொடர்பான மாநாடுகள் பலவும் இதை எடுத்துக்கொண்டன. கண்டுபிடித்தவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டியவர்களே என்பதால்தான் இவ்வளவு எளிதாக அது வேலை செய்கிறது.

இங்கே ஒரு தாய் குறுக்கிட்டுக் கேட்பார், அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். "எழுதுறவங்க, பேசுறவங்க எல்லாம் லேசா இருக்கிறவங்க சார். என் பையனுக்குப் பதினெட்டு வயசு. இன்னும் டாய்லெட் போனா நான்தான் கழுவிவிடணும். அவங்க சொல்றது இவனுக்கு எப்படிப் பொருந்தும்?" 2021இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு, இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவர் உடன் இருந்தாக வேண்டிய நிலையில் உள்ளவர்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று சொன்னதும் இந்தக் கவலையால்தான். அவர்கள் தேவை வேறு, அவர்களுக்கு அரசு செய்ய வேண்டியது வேறு, இதை யாரும் மறைக்கக் கூடாது.

ஆனால் அந்தப் பதினெட்டு வயதுப் பையனின் காதும் தோலும் நாக்கும் எதை எப்படி உணர்கின்றன என்று அந்தத் தாய்க்கு யார் சொல்வது? அவன் சொல்ல மாட்டான். நான் சொல்ல முடியாது, எனக்கு அந்த உடம்பு இல்லை. தெரபிஸ்டுக்கும் இல்லை. அவனுக்கு மிக அருகில் இருக்கும் சாட்சி, அதேபோன்ற புலன்களோடு வாழ்ந்து, அதைச் சொல்ல மொழியும் வாய்த்த ஒருவர். ஈரத் துணி தோலில் படும்போது எனக்கு அமிலம் பட்டதுபோல் இருக்கும் என்று அவர் சொன்னால், குளியலறையில் இவன் ஏன் அலறுகிறான் என்பதற்கு ஒரு திறப்பு கிடைக்கிறது. அந்த ஊகம் தவறாகவும் போகலாம். துண்டை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும், இழப்பு ஒன்றும் இல்லை. தவிரவும், எழுதுபவர் எல்லாரும் லேசானவர் என்பதும் பொய். வாய்ப்பேச்சு இல்லாமல் தட்டச்சு செய்தே தன்னை வெளிப்படுத்திய மெல் பேக்ஸ் 2007இல் வெளியிட்ட காணொளி உலகெங்கும் பார்க்கப்பட்டது. தண்ணீரில் விரலை அளைந்துகொண்டிருப்பதும் ஓர் உரையாடல்தான் என்று அதில் காட்டினார். அன்றாட வாழ்வில் பெரிதும் பிறர் உதவியை நம்பி வாழ்ந்தவர் அவர், 2020இல் இறந்தார். அவரை லேசானவர் என்று எப்படிச் சொல்வது?

இந்த வாதத்துக்குள் ஒரு பொறியும் இருக்கிறது. பேசத் தெரியாதவரிடம் கேட்க முடியாது, ஏனென்றால் அவர் பேசமாட்டார். பேசத் தெரிந்தவரிடம் கேட்கக் கூடாது, ஏனென்றால் பேசுகிறார் என்பதாலேயே அவர் உண்மையான ஆட்டிசம் உள்ளவர் இல்லை. கடைசியில் யாரிடமும் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

இணையம் பொய்களால் நிரம்பியது, ஆகவே ஆபத்து என்பது அடுத்து வரும் எச்சரிக்கை. பொய்கள் நிறைந்திருப்பது உண்மை. அவை எங்கிருந்து வந்தன என்று வரலாற்றைப் புரட்டினால் படம் வேறு மாதிரி இருக்கிறது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பொய்யை 1998இல் கிளப்பியவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்னும் மருத்துவர், வெளியிட்டது லான்செட். அந்தக் கட்டுரையை முற்றாகத் திரும்பப் பெற அந்த இதழுக்கு 12 ஆண்டுகள் ஆயின. அதே காலத்தில் செக்ரிட்டின் என்ற ஹார்மோன் ஊசி ஆட்டிசத்தைக் குணமாக்கும் என்று ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் போட்டார்கள், முறையான சோதனையில் வெறும் உப்புநீர் ஊசியைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை. உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று சொல்லி அமெரிக்காவில் ஒரு மருத்துவரின் கிளினிக்கில் ஏற்றிய மருந்தால் 2005இல் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டச்சு செய்யவைத்து, இது அவன் எழுத்து என்று சொன்ன முறையை 1990களில் பரப்பியவர்களில் பேராசிரியர்கள் இருந்தார்கள். பிடித்திருந்த கையே எழுதியது என்று சோதனைகள் காட்டியதும் 1994இல் அமெரிக்க உளவியல் சங்கம் அதை நிராகரித்தது. குழந்தைகளின் வாயில் வெளுப்பு ரசாயனத்தை ஊற்றும் கொடுமையும் குணமாக்கும் ஆசையில் பிறந்ததே.

இத்தனைக்கும் பொதுவானது, ஆட்டிசம் போய்விடும் என்ற வாக்குறுதி. ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் பகிரும் யோசனைகளில் அந்த வாக்குறுதியே கிடையாது. அவர்கள் விற்பதற்கு ஒன்றும் இல்லை. லேபிளை வெட்டு, தொலைபேசிக்கு முன் பேசவேண்டியதை எழுதிவைத்துக்கொள், இன்டர்வியூவுக்கு முதல் நாளே அந்த இடத்துக்கு ஒருமுறை போய்வா என்பவை தவறாகப் போனாலும் யாரையும் கொல்லாது. வெளுப்பு ரசாயனத்தைத் தடை செய்யச் சொல்லி உரக்கக் கத்தியவர்களில் ஆட்டிசம் உள்ள வளர்ந்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். தாங்களே தங்களுக்கு ஆட்டிசம் என்று முடிவுகட்டிக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. சிலர் தவறாகவும் முடிவு செய்யலாம். மறுபுறம், வளர்ந்தவர்களைப் பரிசோதித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் மாவட்டத் தலைநகரங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அந்தக் குற்றத்தைச் சுமத்தட்டும்.

நம்மூரின் நிலைமையையும் பார்த்துவிடலாம். 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் அதுவும் ஒன்று. சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சான்றிதழுக்குப் போனால் ஆட்டிசத்தை மதிப்பிடுவதற்கான இந்திய அளவுகோலை எடுப்பார்கள். 40 கேள்விகள், மதிப்பெண் 70ஐ எட்டினால் ஆட்டிசம். முதல் கேள்வியே கண்ணுக்குக் கண் பார்க்கிறாரா என்பது. மதிப்பிடுபவர் தாம் கண்டதையும் பெற்றோர் சொன்னதையும் வைத்து நிரப்பும் படிவம் அது. சான்றிதழ் தருவதற்கு அப்படி ஒரு கருவி தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் சான்றிதழோடு வீட்டுக்கு வரும் இருபத்தைந்து வயது இளைஞனுக்கு, நாளைக் காலை ஏர்ஹாரன் அலறும் பேருந்தில் எப்படி வேலைக்குப் போவது என்று சொல்ல அந்த அமைப்பில் யாரும் இல்லை. தெரபி மையங்கள் பெரும்பாலும் குழந்தைகளுக்கானவை. பத்துப் பன்னிரண்டு வயதோடு அவற்றின் கதவு சாத்திக்கொள்கிறது. ஆட்டிசம் வளர்ந்தவர்களுக்கும் இருக்கும் என்பதையே நாம் இன்னும் முழுமையாக நம்பவில்லை.

இருபத்தைந்து வயதில் அவனுக்கு மிச்சம் இருப்பது, கைப்பேசித் திரையில் தன்னைப்போன்ற யாரோ ஒருவர் எழுதிய பத்து வரிகள். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதை நம்பாதே என்று சொல்பவர்கள், அதற்குப் பதிலாக அவன் கையில் எதைக் கொடுக்கிறார்கள்?

நிபுணர்களும் ஆட்டிசம் உள்ளவர்களும் சேர்ந்து உட்கார முடியும் என்பதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 2006இல் மருத்துவர் கிறிஸ்டினா நிக்கோலைடிஸும் டோரா ரேமேக்கரும் தொடங்கிய ஆஸ்பயர் என்ற ஆய்வுக் கூட்டமைப்பில் ஆட்டிசம் உள்ள வளர்ந்தவர்கள் ஆய்வுக்கு உட்படுபவர்களாக மட்டும் இல்லாமல் ஆய்வை வழிநடத்துபவர்களாகவும் இருக்கிறார்கள். டாக்டரிடம் போகும்போது எனக்கு எது வலிக்கும், எப்படிக் கேட்டால் பதில் சொல்லமுடியும், எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்பதை முன்கூட்டியே நிரப்பி மருத்துவரிடம் தரும் ஒரு படிவத்தை அவர்கள் உருவாக்கினார்கள். அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு அதைத் தமிழில் செய்துதர என்ன தடை? நம் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் தன் வாரியத்தில் தொண்டு நிறுவனங்களுக்கும் பெற்றோர் சங்கங்களுக்கும் இடம் ஒதுக்கியதுபோலவே மாற்றுத்திறனாளிகளின் சங்கங்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியது பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஏப்ரல் 2 அன்று, உலக ஆட்டிசம் நாளுக்காக, ஊருக்கு ஊர் கூட்டம் நடக்கும். மேடையில் அமைச்சரோ ஆட்சியரோ மருத்துவரோ இருப்பார்கள், பிள்ளைகள் நடனம் ஆடுவார்கள், ஒலிபெருக்கி அலறும். அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவே. ஆட்டிசம் உள்ள வளர்ந்தவர் ஒருவரை, மருத்துவருக்குக் கொடுக்கும் அதே கட்டணம் கொடுத்துப் பேச அழையுங்கள். கேட்கப்போகும் கேள்விகளை ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பேச வராது, எழுதி அனுப்புகிறேன் என்று அவர் சொன்னால், அதை முழுதாக வாசிக்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அவர் வரும் நேரத்தில் ஒலிபெருக்கியைக் குறையுங்கள். பல் துலக்குவது எப்படி, பஸ்ஸில் போவது எப்படி, அழைப்பை எடுப்பது எப்படி என்று பெற்றோர்கள் அவரிடமே கேட்கட்டும்.